பேரிங் தபாலும் பாக்கித் தபால்தலையும்

"பேரிங்கில் வந்திருக்கிறது, காசு கொடுத்தால்தான் கடிதம்" என்று தபால்காரர் வாசலில் நின்று சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தபால்தலை ஒட்டாமலோ, போதாத தலை ஒட்டியோ பெட்டியில் போட்ட கடிதத்துக்கு நம் ஊரில் வழங்கிய பெயர் பேரிங் தபால். ஆங்கிலேயர் கால அஞ்சலகத்தில் புழங்கிய சொல் அப்படியே தமிழுக்குள் வந்து தங்கிவிட்டது. தன் கூலியைத் தன் தலையில் சுமந்துகொண்டு வரும் கடிதம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

நம் ஊரில் அந்தக் கூலியை வசூலித்த விதம் எளிமையானது. உறையில் ஒரு முத்திரை, அருகில் எத்தனை அணா என்ற எண், அவ்வளவுதான். பிரிட்டிஷ் இந்தியா இதற்கென்று தனித் தபால்தலை எதையும் வெளியிடவே இல்லை. ஆனால் அதே பேரரசுக்குள் இருந்த டிரினிடாட் என்ற சிறு தீவு 1885-ஆம் ஆண்டிலேயே இந்தப் பாக்கியை வசூலிப்பதற்காக மட்டும் ஒன்பது மதிப்புகளில் தனித் தலைகளை அச்சிட்டு வைத்திருந்தது. அவற்றை ஆங்கிலத்தில் 'போஸ்டேஜ் டியூ' தலைகள் என்பார்கள். இந்தக் கட்டுரையில் பாக்கித்தலை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

தபால்தலை சேகரிக்கத் தொடங்குபவர்களில் பலர் இவற்றைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். அரசர் முகம் இல்லை, பறவை இல்லை, கப்பல் இல்லை; நடுவில் ஓர் எண் மட்டும். எனக்கோ ஆல்பத்தில் மிகவும் பிடித்த பக்கங்கள் இவைதான். மற்ற தலைகள் ஓர் அரசு வெளியே காட்ட விரும்பியதைச் சொல்கின்றன. பாக்கித்தலை அஞ்சலகம் உள்ளே எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்கிறது.

பாக்கி எப்படி உண்டாகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடிதத்துக்கு அனுப்புபவர்தான் காசு கொடுக்க வேண்டும் என்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். 1840-க்கு முன் பிரிட்டனில் பெரும்பாலும் பெறுபவரே கட்டணம் கொடுத்தார். அந்த ஆண்டு ஜனவரி 10 அன்று, ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தத்தின்படி, நாட்டுக்குள் எந்தத் தொலைவானாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி என்ற கட்டணம் நடைமுறைக்கு வந்தது. மே மாதம் முதல் தபால்தலையும் வந்தது. முன்கூட்டியே பணம் கட்டாமல் அனுப்பவும் தடை இல்லை. ஆனால் அப்படி அனுப்பினால் பெறுபவர் 2 பென்ஸ் கொடுக்க வேண்டும்.

இந்த இரட்டிப்பைத்தான் மனத்தில் நிறுத்த வேண்டும். பின்னால் பேரரசின் எல்லா மூலைகளுக்கும் போன விதி இதுவே. இந்தியாவில் 1854 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தபோது, கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரை அணா. தலை ஒட்டாமல் போட்டால் இரட்டிப்பு, அதாவது ஓர் அணா. கால் தோலா என்பது ஏறக்குறைய 3 கிராம். மெல்லிய தாள் ஒன்றை மடித்து அனுப்பத்தான் அது போதும். எடை சற்றுக் கூடினாலும் பாக்கி விழுந்துவிடும்.

இரட்டிப்புக் கட்டணம் என்று தெரிந்தும் அந்தக் காலத்து மக்கள் பேரிங்கிலேயே ஏராளமாகக் கடிதம் அனுப்பினார்கள். முன்பணம் கட்டிவிட்டால் கடிதம் போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அஞ்சலகத்துக்கு நட்டம் இல்லை. பணம் வர வேண்டியிருந்தால் எப்பாடுபட்டாவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். இதை அறியாமை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை முடிந்த பிறகு கூலி கொடுப்பதுதானே நம்மூர் வழக்கம்? புதிதாக வந்த ஒரு நிறுவனத்தை அதே அளவுகோலால் அளந்திருக்கிறார்கள்.

சரி, பெறுபவர் காசு கொடுக்க மாட்டேன் என்றால்? 2024 வரை நடப்பில் இருந்த 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொன்னது. கடிதத்தை ஏற்றுக்கொண்டால் பெறுபவர் பாக்கியைக் கட்டியே ஆக வேண்டும். பிரிக்காமல் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டால் கட்ட வேண்டியதில்லை; அப்போது பாக்கி அனுப்பியவர் தலையில் விழும். இதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. பெறுபவரைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்ற கெட்ட எண்ணத்துடனேயே ஒருவர் பாக்கிக் கடிதம் அனுப்பியிருக்கிறார் என்று தலைமை அஞ்சல் அதிகாரிக்குத் தெளிவானால், அவர் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்யலாம். பகைவனுக்கு ஒரு கட்டுக் காகிதத்தைத் தலை ஒட்டாமல் அனுப்பிக் காசு கறக்கும் வேலை அன்று நடந்திருக்கும் போலும். சட்டம் எழுதியவர்கள் மனித இயல்பை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

போதாத தலை ஒட்டிய கடிதத்துக்குக் கணக்கு வேறு மாதிரி. குறையும் தொகை எவ்வளவோ அதை இரட்டிப்பாக்க வேண்டும். ஓர் அணா கட்ட வேண்டிய கடிதத்தில் அரை அணாத் தலை ஒட்டியிருந்தால் குறைவு அரை அணா. பெறுபவரிடம் ஓர் அணா வாங்குவார்கள். ஒட்டிய தலையையும் சேர்த்தால் அந்தக் கடிதத்துக்கு ஒன்றரை அணா செலவாகியிருக்கும்.

கடல் கடந்து வந்தால் 'டி'

உள்நாட்டில் இது எளிது. இரண்டு நாடுகளுக்கு இடையில் என்றால் சிக்கல். அனுப்பிய நாட்டில் ஒரு நாணயம், வந்து சேரும் நாட்டில் இன்னொரு நாணயம். எவ்வளவு குறைகிறது என்பதை எந்த மொழியில், எந்தக் காசில் எழுதுவது?

1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் உலக அஞ்சல் ஒன்றியத்தின் முதல் வடிவத்தை உருவாக்கின. பிரிட்டிஷ் இந்தியா 1876 ஜூலையில் சேர்ந்தது. இலங்கை, ஹாங்காங், நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் காலனி) முதலியவை 1877-இல் சேர்ந்தன. ஒன்றியத்தின் மொழி பிரெஞ்சு. கணக்கு பிராங்க் என்ற பிரெஞ்சு நாணயத்திலும், அதன் நூறில் ஒரு பங்கான சென்டிமிலும். பாக்கி உள்ள கடிதத்தின் மேல் ரோமன் எழுத்தான 'டி'யைக் குத்த வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. கட்டணம் என்ற பொருள் தரும் 'டாக்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து அது. அதன் பக்கத்தில் தொகையைச் சென்டிமில் எழுதுவார்கள். எழுத்தே தெரியாதவர்கூட அந்த 'டி'யைப் பார்த்தால் காசு எடுத்துவைக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளும் காலம் வந்தது.

வந்து சேரும் நாட்டின் எழுத்தர் அந்தச் சென்டிமைத் தன் ஊர்க் காசாக மாற்றுவார். வெளிநாட்டுக் கடிதத்தின் அடிப்படைக் கட்டணம் 25 சென்டிம். பிரிட்டனிலும் பல காலனிகளிலும் அதற்குச் சமம் இரண்டரை பென்ஸ். பிரான்சிலிருந்து டிரினிடாடுக்குத் தலையே ஒட்டாத சாதாரணக் கடிதம் ஒன்று வந்தால் இரட்டிப்பு 50 சென்டிம், அதாவது 5 பென்ஸ். இப்போது டிரினிடாடின் 1885 வரிசையைப் பாருங்கள்: அரை, 1, 2, 3, 4, 5, 6, 8 பென்ஸ், 1 ஷில்லிங். நடுவில் 5 பென்ஸ் தலை உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டன் 1914-இல் முதன்முதலாகப் பாக்கித்தலை வெளியிட்டபோது அரை, 1, 2, 5 என்று நான்கே மதிப்புகள். அங்கேயும் 5. ஒரு நாட்டின் பாக்கித்தலைகளை வரிசையாக அடுக்கினால் அதன் கட்டணப் பட்டியலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வசூலான பணம் யாருக்கு என்று ஒரு கேள்வி வரும். ஒன்றியத்தின் தொடக்க விதிப்படி ஒவ்வொரு நாடும் தான் வசூலித்ததைத் தானே வைத்துக்கொண்டது. ஆகவே இரட்டிப்புப் பாக்கி முழுவதும் கடிதம் வந்து சேர்ந்த நாட்டின் கருவூலத்துக்குப் போயிற்று. சிறு காலனிகளுக்கு இது சில்லறை வருமானம்தான். ஆனால் சில்லறை வருமானத்தைக் கணக்கில் வைப்பதுதான் கடினம்.

தலை எதற்கு?

பெறுபவருக்குத் தேவை கடிதம். அதை வாங்கக் காசைக் கொடுத்தால் போதும். பாக்கித்தலையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பிறகு எதற்காக அதை அச்சிட்டு, ஒட்டி, முத்திரை குத்த வேண்டும்?

காரைக்குடியிலிருந்து பினாங்கில் உள்ள கிட்டங்கி (செட்டியார்களின் வணிக இல்லம்) ஒன்றுக்குப் போதாத தலையுடன் ஒரு கனமான கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் 1920-களின் நடுப்பகுதி. கப்பலில் வந்த பையைப் பிரித்து அடுக்கும்போது 'டி' முத்திரை உள்ளவற்றைத் தனியே எடுத்துவிடுவார்கள். எழுத்தர் பாக்கியைக் கணக்கிட்டு, தன் பொறுப்பில் உள்ள பாக்கித்தலைகளிலிருந்து அந்தத் தொகைக்குக் கிழித்து உறையில் ஒட்டித் தேதி முத்திரை குத்துவார். அந்தக் கணமே அந்தத் தொகை தபால்காரர் பெயரில் பற்றாகிவிடுகிறது. அவர் கிட்டங்கி வாசலில் காசை வாங்கி, கடிதத்தைக் கொடுத்து, மாலையில் காசைக் கட்டுவார். எழுத்தரிடம் காலையில் இருந்த தலைகளின் மதிப்பிலிருந்து எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு காசு மாலையில் பெட்டியில் இருக்க வேண்டும். ஒரு சென்ட் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

தலை இல்லாத முறையில் என்ன நடக்கும்? தொகையைப் பேனாவால் எழுத வேண்டும். 2 என்பதை 3 ஆக்குவது எளிது. வசூலித்ததைப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதும் எளிது. ஒவ்வொரு கடிதத்தையும் பதிவேட்டில் ஏற்றிச் சரிபார்த்தால் தடுக்கலாம். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பாக்கித்தலை அந்தப் பதிவேட்டின் வேலையைச் செய்தது. பெறுபவருக்கும் ஒரு பாதுகாப்பு: உறையில் ஒட்டிய எண்ணுக்கு மேல் யாரும் கேட்க முடியாது. சுருங்கச் சொன்னால், இது பொதுமக்களுக்கான தபால்தலை அல்ல. அஞ்சலகம் தன் சொந்த ஊழியர்களோடு வைத்துக்கொண்ட கணக்குச் சீட்டு. இதை விளங்கிக்கொண்டால் பாக்கித்தலைகளைப் பற்றிய மற்ற எல்லாமும் தானாக விளங்கும்.

இவற்றில் முகம் இல்லாமல் எண் மட்டும் இருக்கும் என்று முன்பு பார்த்தோம். அது ஏன்? மங்கிய விளக்கில் எழுத்தரும் தபால்காரரும் சட்டென்று படிக்க வேண்டியது தொகையை மட்டுமே. ஹாங்காங் 1923 டிசம்பரில் வெளியிட்ட பாக்கித்தலைகளில் ஒரு படம் உண்டு. கடிதம் நிறுக்கும் தராசு. பாக்கியைத் தீர்மானிப்பதே அந்தத் தராசுதான் என்பதால் அதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது.

கடிதத்தை வாங்க மறுத்துவிட்டால் கணக்கில் ஓட்டை விழும். தலை செலவாகிவிட்டது, காசு வரவில்லை. அப்போது அந்த உறையே சாட்சி. பாக்கித்தலையைப் பேனாவால் அடித்தோ முத்திரையால் நீக்கியோ, தபால்காரர் பெயரில் இருந்த பற்றை வரவு வைத்துத் தீர்ப்பார்கள். முகவரி மாறி வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பினாலும் இதே கதை. முதல் ஊரில் ஒட்டிய தலை செல்லாது. அடுத்த ஊர் அஞ்சலகம் தன் கையிருப்பிலிருந்து மீண்டும் ஒட்ட வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே 'கட்டணம் வசூலாகவில்லை, புதிய சீட்டு தேவை' என்ற பொருளில் ரப்பர் முத்திரை வைத்திருந்தார்கள். ஒரே உறையில் இரண்டு ஊர்களின் பாக்கித்தலைகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். காசு ஒருமுறைதான் வாங்கப்பட்டது.

காலனிக்குக் காலனி

எல்லாக் காலனிகளுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி பாக்கித்தலை வரவில்லை. முன்பே சொன்னதுபோல் பிரிட்டனே 1914 ஏப்ரல் வரை முத்திரையையும் பதிவேட்டையும் வைத்துத்தான் சமாளித்தது. டிரினிடாட் தாய்நாட்டுக்கு 29 ஆண்டுகள் முந்திக்கொண்டது. ஆஸ்திரேலியக் காலனிகளான விக்டோரியா 1890-இல், நியூ சவுத் வேல்ஸ் 1891-இல், கிரெனடா 1892-இல், நியூசிலாந்து 1899-இல் என்று ஒவ்வொன்றும் தன் தேவைக்கு ஏற்ப வந்தது. டிரினிடாடும் கிரெனடாவும் தலைகளில் 'போஸ்டேஜ் டியூ' என்று போடாமல், மிகைக் கட்டணம் என்ற பொருளில் 'சர்சார்ஜ் போஸ்டேஜ்' என்று போட்டன.

ஆஸ்திரேலியாவின் கதையை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். 1901-இல் ஆறு காலனிகள் இணைந்து ஒரே நாடாயின. அஞ்சல் துறை மத்திய அரசின் கைக்குப் போயிற்று. ஆனால் ஒவ்வொரு மாநிலத்தின் வருமானத்தையும் தனித்தனியாகக் கணக்கு வைக்க அரசியல் சட்டம் ஏற்பாடு செய்திருந்ததால், சாதாரணத் தபால்தலைகள் மாநிலப் பெயர்களிலேயே தொடர்ந்தன. ஆஸ்திரேலியா என்ற பெயரில் கங்காரு படம் போட்ட சாதாரணத் தலை வர 1913 ஆயிற்று. பாக்கித்தலையோ 1902-இலேயே பல மாநிலங்களுக்கும் பொதுவாக வந்துவிட்டது. புதிய வடிவம் வரையக் காத்திருக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸின் பச்சை நிறப் பாக்கித்தலை அச்சை எடுத்து, அதன் அடியில் இருந்த அந்த மாநிலத்தின் மூன்று எழுத்துகளை மட்டும் நீக்கிவிட்டு அச்சடித்தார்கள். எழுத்து இருந்த இடம் வெறுமையாகவே நின்றது. பிறகு அந்த இடத்தை அலங்காரத்தால் நிரப்பினார்கள். ஆகவே ஆஸ்திரேலிய நாட்டுக்கென்று வந்த முதல் தபால்தலை, நாட்டின் பெயரே இல்லாத ஒரு பாக்கித்தலை. கணக்குச் சீட்டுக்குப் பெயர் எதற்கு, எண் இருந்தால் போதும் என்ற எண்ணம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்படவில்லை.

பெரும்பாலான காலனிகளின் தலைகள் லண்டனில் அச்சாகிக் கப்பலில் வந்தன. அவசரத்துக்கு உள்ளூர் அரசு அச்சகமே கைகொடுத்தது. ஃபிஜி 1917-இல் சுவா நகரில் ஈய எழுத்துகளைக் கோத்தே பாக்கித்தலை அச்சிட்டது. சான்சிபாரின் முதல் பாக்கித்தலைகள் பஸ் டிக்கெட் போலவே இருக்கும்: முன்கட்டணம் போதவில்லை, அஞ்சல் பாக்கி இத்தனை சென்ட் என்று வெறும் எழுத்துகள். எனக்கு மிகவும் பிடித்தவை செயின்ட் லூசியா 1930-களின் தொடக்கத்தில் வெளியிட்டவை. உள்ளூரில் அச்சான அந்தத் தலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண் தனித்தனியாகக் குத்தப்பட்டிருக்கிறது. தபால்தலைக்கு எதற்கு வரிசை எண்? ரசீதுக்குத்தான் அது தேவை. அந்தத் தீவின் அஞ்சலகம் தான் என்ன செய்கிறோம் என்பதை மறைக்கவில்லை.

கையிருப்பு தீர்ந்தால் என்ன செய்தார்கள் என்பதில்தான் அதிகாரிகளின் சாமர்த்தியம் தெரிகிறது. கிரெனடா 1892-இல் சாதாரணத் தலைகளின் மேலேயே 'சர்சார்ஜ் போஸ்டேஜ்' என்றும் புதிய மதிப்பும் அச்சிட்டுப் பயன்படுத்தியது. பெச்சுவானாலாந்து (இன்றைய போட்ஸ்வானா) 1926-இல் பிரிட்டனின் பாக்கித்தலைகளை வாங்கித் தன் பெயரை மேலே அச்சிட்டுக்கொண்டது. பார்படோஸ் 1934-இல் பாக்கித்தலை வெளியிடத் தொடங்கியபோது அரை பென்னி மதிப்பில் தலை இல்லை.  1 பென்னித் தலையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் அரை பென்னியாக ஒட்டலாம் என்று அதிகாரபூர்வமாக அனுமதித்தார்கள். 1934 மார்ச் முதல் 1935 பிப்ரவரி வரை அந்த ஏற்பாடு நீடித்தது. சில பாதிகளின் மேல் எழுத்தர்கள் கறுப்பு அல்லது சிவப்பு மையால் அரை பென்னி என்று எழுதியும் இருக்கிறார்கள். அரை பென்னிக்காகக் கத்தரிக்கோல் எடுத்த அந்த எழுத்தர் மாலைக் கணக்கு நேராக வேண்டும் என்றுதான் அதைச் செய்தார்.

மலாயாவில் 1924-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும், 1936 முதல் மலாயா அஞ்சல் ஒன்றியத்தின் பெயரிலும் பாக்கித்தலைகள் வந்தன. 1942-இல் ஜப்பானியர் அந்த நாட்டைப் பிடித்தபோது அங்கே இருந்த பாக்கித்தலைகளின் மேல் தங்கள் எழுத்துகளை அச்சிட்டு அப்படியே பயன்படுத்தினார்கள். ஆட்சி மாறினாலும் பாக்கி மாறவில்லை.

சேகரிக்க நினைப்பவருக்கு

ஒரு நாட்டின் புதுத் தபால்தலைகளின் மாதிரிகளை உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அன்றைய விதி. பாக்கித்தலைகளும் மாதிரி என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் அச்சிடப்பட்டோ துளையிடப்பட்டோ அங்கே போயின. ஆதலால் 'ஸ்பெசிமென்' என்று இருக்கும் பாக்கித்தலை கண்ணில் பட்டால் போலி என்று ஒதுக்காதீர்கள். அது தனி அழகு.

சிறு காலனிகள் பலவற்றில் பயன்படுத்தாத பாக்கித்தலை மலிவாகவும், உண்மையாகப் பயன்பட்டது அரிதாகவும் இருக்கும். சேகரிப்பவர்கள் புதியதை வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். உறையோடு வந்ததைப் பெற்றவர் எரிச்சலோடு எறிந்துவிட்டார். விலை வித்தியாசம் இருப்பதால் புதிய தலையில் போலி முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு. தனித்தலையாக வாங்கும்போது முத்திரையின் ஊர்ப்பெயரையும் தேதியையும் இரண்டு முறை பாருங்கள்.

உறையோடு கிடைத்தால் தயவுசெய்து நீரில் ஊறவைத்துத் தலையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் கையில் மிஞ்சுவது ஓர் எண் மட்டுமே. உறையில் அனுப்பியவர் ஒட்டிய தலை இருக்கும். எடை போட்டவர் குத்திய 'டி' இருக்கும். சென்டிமில் ஒரு தொகை இருக்கும். அதைத் தன் காசாக மாற்றிய எழுத்தரின் பாக்கித்தலை இருக்கும். நால்வரின் கை ஒரே காகிதத்தில். குறைவை நீங்களே கணக்கிட்டு, இரட்டிப்பாக்கி, ஒட்டியுள்ள பாக்கித்தலையோடு பொருத்திப் பாருங்கள். சில உறைகளில் கணக்கு சரியாக வரும். சிலவற்றில் எழுத்தர் தவறியிருப்பார். இன்னும் சிலவற்றில் பாக்கித்தலையின் குறுக்கே பேனாக்கோடு ஓடியிருக்கும், பின்புறத்தில் 'வாங்க மறுப்பு' என்று எழுதியிருக்கும். அந்தக் கடிதத்தை யாரும் பிரித்ததே இல்லை.